ஓர் ஆளுக்கு எவ்வளவு?

சென்ற மாதம் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பிடித்தம் போகக் கைக்கு 24,000 ரூபாய் வரும் என்றான். கூடவே ஒரு கேள்வி: "மாமா, மெட்ராஸ்ல ஒரு ஆளு கஷ்டப்படாம இருக்க எவ்வளவு சம்பளம் வேணும்?"

மறுநாள் அக்கா அழைத்தாள். அவளிடமும் ஒரு கேள்வி இருந்தது. சின்னவளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கடன் நிற்கிறது. "மாசம் எட்டாயிரம் அவனால அனுப்ப முடியுமாடா?"

தாம்பரத்தில் முப்பது வருடமாகக் குடியிருப்பவன் என்பதைத் தவிர இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. இருவரிடமும் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் வாடகை. வேலையிடத்துக்குப் பக்கத்தில், ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி வீடு பிடிப்பது அவனுக்குக் கட்டாது. கிழக்குத் தாம்பரத்தைச் சுற்றித் தேடினேன். சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய வீடுகளில் எல்லாம் முதல் கேள்வி 'ஃபேமிலியா, பேச்சிலரா?' என்பதுதான். பதிலைக் கேட்டதும் அந்த வீடு நேற்றே முடிந்துபோயிருக்கும். விடுதி அறையை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டால் குறைவாக முடியும். ஆனால் அவனுக்கு வாரம் மாறி வாரம் இரவுப் பணி. பகலில் தூங்க ஓர் இடம் வேண்டும். கடைசியில் ஒரு மொட்டைமாடியில் ஒற்றை அறை அமைந்தது, 7,500 ரூபாய்க்கு.

மின்சாரமும் தண்ணீர் கேனும் 900. மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட 6,500. மேடவாக்கம் வழியாகப் போய்வரப் பேருந்து மாதச் சீட்டு 1,000. கைபேசிக்கு 400. துணி, செருப்பு, சோப்பு, முடிவெட்டு எல்லாம் சேர்த்து 1,500. மாதம் ஒருமுறை பொதிகையில் சங்கரன்கோவில் போய்த் திரும்ப 800. ஆக மொத்தம் 18,600 ரூபாய். இதில் கஷ்டமில்லை என்றே சொல்லலாம், காய்ச்சல் வராத, யாருக்கும் கல்யாணம் ஆகாத, எதுவும் உடைந்துபோகாத மாதங்களில்.

என்னுடைய முதல் கணக்கு நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. 1996-இல் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறு கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சம்பளம் 2,200. மேற்குத் தாம்பரத்தில் மூன்று பேர் ஓர் அறையில். என் பங்கு 350. பிறகு மெஸ், சீசன் டிக்கெட், ஊருக்கு மணியார்டர் 800. அந்த சீசன் டிக்கெட்டை இப்போது நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். குறைந்த சம்பளக்காரனை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்துவிட்டு, காலையில் வேலைக்கு வரவழைத்துக்கொள்வது அதன்பின் இந்த நகரத்துக்குச் சுலபமாயிற்று. வாடகையில் மிச்சம் பிடித்ததை நாங்கள் நேரமாகக் கட்டினோம். சம்பளம் கொடுப்பவருக்கும் அந்த மிச்சத்தில் ஒரு பங்கு இருந்தது.

1997 ஆகஸ்டில் எனக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. மருத்துவருக்கும் மருந்துக்கும் போனது போக, வராத நாட்களுக்குச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதம் மணியார்டர் போகவில்லை. காரணத்தை ஊருக்கு எழுதவும் இல்லை. அடுத்த இரண்டு மாதங்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, விட்டுப்போனதையும் சேர்த்து அனுப்பினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் 'மருத்துவம்' என்றொரு தலைப்பே இல்லை. ஊசியும் மாத்திரையும் 'இதர' என்பதன் கீழே கிடக்கின்றன.

ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு இருந்தால் வாழலாம் என்பதை அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடி உட்கார்ந்து கணக்கிட்டதுண்டு. 1957-இல் நடந்த பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கொரு அளவு வகுத்தது. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு; நான்கு பேர் குடும்பத்துக்கு வருடத்தில் 72 கெஜம் துணி; அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை; விளக்கு, விறகு, பிற சில்லறைச் செலவுகளுக்கு 20 சதவீதம். சோறு, துணி, கூரை. அதற்குமேல் எதுவும் இல்லை. 1991-இல் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வரி சேர்த்தது. அதற்குக் காரணமாக இருந்தவர்கள் சென்னைக்காரர்கள். ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பஞ்சப்படி தொடர்பாக நடத்திய வழக்கு அது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் வேண்டும் என்றது தீர்ப்பு. நான் வேலைக்குச் சேர்வதற்கு ஐந்து வருடம் முன்பே, என் நோட்டில் இல்லாத தலைப்புகளை யாரோ எழுதி வைத்திருந்திருக்கிறார்கள்.

அந்தக் கால் பங்கை மருமகனின் கணக்கில் சேர்த்தேன். 18,600-உடன் 4,650. மொத்தம் 23,250. கைக்கு வருவது 24,000. மீதி 750 ரூபாய். அக்கா கேட்டதோ எட்டாயிரம்.

அந்த 1957 கணக்கில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சம்பாதிப்பவனுக்கு ஓர் அலகு, மனைவிக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கு 0.6, ஆக மூன்று அலகுகள் என்றுதான் அது தொடங்குகிறது. தனி ஆள் என்றொருவனை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. பெற்றோரையும் எடுக்கவில்லை. முதுமைக்கு என்று 1991-இல் சேர்த்ததுகூட அந்தத் தொழிலாளியின் சொந்த முதுமைக்குத்தான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதனதன் காலத்தில் முழுக்கூலி கிடைத்திருந்தால், மகன் அனுப்பித்தான் அம்மா சாப்பிட வேண்டும் என்ற நிலை வராது.

என் அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலி. ஓட்டிய அளவுக்குப் பணம்; தறி நின்றால் அதுவும் இல்லை. அவருடைய கூலியில் அந்தக் கால் பங்கு ஒருநாளும் இருந்ததில்லை. அத்தானும் தறிக்காரர்தான். 800 ரூபாய் மணியார்டரை நான் பாசம் என்றும் கடமை என்றும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அப்பாவுக்கு யாரோ கொடுக்காமல் விட்ட கூலியை நான் தவணையாகக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான். அத்தானுக்கு விட்டுப்போனதை இனி இவன் கட்ட வேண்டும். தனி ஆள் ஒருவனுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். வீட்டுக்காரர்கள்தான் நம்மைத் தனி ஆள் என்கிறார்கள். நம் கணக்கு நோட்டு அப்படிச் சொல்வதில்லை.

மருமகனிடம், ஓர் ஆளுக்கு 24,000 போதும், ஆனால் நீ ஓர் ஆள் இல்லை என்றேன். தெரியும் மாமா, அதனால்தான் உங்களிடம் கேட்டேன் என்றான். பணம் குறையும்போது முதலில் சாப்பாட்டில் கைவைக்காதே என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அக்காவிடம் பேசுவது கடினமாக இருந்தது. "ஆறு மாசத்துக்கு அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதக்கா. அதுக்கப்புறம் மூவாயிரம் அனுப்புவான். அதுவரைக்கும் அந்த மூவாயிரத்த நான் போடுறேன்" என்றேன். ஆறு மாதம் கழித்தும் அந்த மூவாயிரம் அவனுடைய கால் பங்கிலிருந்துதான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"மூவாயிரத்த வச்சு வட்டிதான்டா கட்ட முடியும்" என்றாள். பிறகு, "நீ அனுப்பலையா? ரெண்டாயிரத்து இருநூறுல எண்ணூறு அனுப்புனியே" என்றாள்.

அப்போதுதான் டைபாய்டைப் பற்றியும், சாப்பிடாத அந்த இரண்டு மாத இரவுகளைப் பற்றியும் சொன்னேன். ஏறக்குறைய முப்பது வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இப்போது இல்லை.

வெகுநேரம் அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. தறி ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மாசம் பணம் வரலைன்னு அம்மா ஒன்னிய ஏசுனா. நானும் சேந்துல்லா ஏசுனேன்" என்றாள்.

அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடனுக்கு மாதம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று கேட்டேன். பத்தாம் தேதி என்றாள். தாளில் குறித்துக்கொண்டேன்.