அம்மாவின் தோசை ஆறக்கூடாது!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு சென்னையின் எந்த டிபன் ஹோட்டலுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு காட்சி நிச்சயம். நான்கு பேர் உட்காரும் மேசை. அப்பா பொங்கலை முடித்துவிட்டு காபிக்குச் சொல்லியிருப்பார். பெரியவள் பூரியின் வயிற்றில் விரலால் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு வயதுச் சின்னவன் அம்மாவின் மடியில் ஏறி நின்று, பக்கத்து மேசைக்காரரின் வடையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மாவின் முன்னால் ஒரு தோசை. அது வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஓரத்தில் ஒரே ஒரு விள்ளல் மட்டும் குறைந்திருக்கும்.

ஒரு வேளையாவது அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு விடுமுறை கொடுக்கலாம் என்றுதான் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். ஆனால், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் ஹோட்டலிலும் கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். அதுவும் ஆறிப்போனதை.

'பேமிலி ரெஸ்டாரன்ட்' என்ற போர்டு இன்று தெருவுக்குத் தெரு தொங்குகிறது. குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்றால் சறுக்குமரமும் பலூனும் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அந்த மேசையில் அம்மா தன் தோசையைச் சூடாகச் சாப்பிட முடிகிறதா? முடிந்தால், அதுதான் குடும்பத்துக்கு ஏற்ற ஹோட்டல். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு சுற்று வரலாம்.

மயிலாப்பூர்: பசிக்கு முன்னால் கிளம்பணும்

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள், குழந்தையோடு நடப்பதற்கென்றே அமைந்தவை போல இருக்கும். கோபுரம், குளம், பூக்கடை, வளையல் கடை, மரச்சொப்பு என்று பத்தடிக்கு ஒரு வேடிக்கை. கிழக்கு மாட வீதியில் இருக்கும் கற்பகாம்பாள் மெஸ்ஸின் அடை அவியலுக்கும் கீரை வடைக்கும் தலைமுறை தாண்டிய ரசிகர்கள் உண்டு. அடையைச் சின்னக் குழந்தையால் மெல்ல முடியாது. வெண்ணெயோ வெல்லமோ தொட்டு, நடுப்பகுதியைப் பிய்த்துக் கொடுத்தால் மூன்று வயதுக்காரர்கள் மறுப்பதில்லை.

சற்றுத் தள்ளி, கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி என்று சின்னப் பட்டியல்; பெரிய பெயர். இடமோ மிகச் சிறியது. ஒரு பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த பந்தி. வாசலில் காத்திருப்பது பெரியவர்களுக்கு ருசியின் ஒரு பகுதி. பசித்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அது வெறும் அழுகை. ஆகவே நல்ல ஹோட்டல் வேறு, குழந்தைக்கு நல்ல ஹோட்டல் வேறு. பிள்ளைக்கு ஆறேழு வயது ஆன பிறகு இங்கே வந்தால், காத்திருப்பதே ஒரு பாடமாகிவிடும்.

மயிலாப்பூர் சொல்லித்தரும் விஷயம் நேரம்தான். விடுமுறை நாளில் எட்டரைக்கு மேல் எல்லா இடத்திலும் கூட்டம். ஏழு, ஏழேகாலுக்குள் உட்கார்ந்துவிட்டால் மேசையும் கிடைக்கும், சர்வரின் பொறுமையும் கிடைக்கும்.

திருவல்லிக்கேணி: சாம்பாரில் மிதக்கும் இட்லி

1948 முதல் இருக்கும் திருவல்லிக்கேணி ரத்னா கபேவின் அடையாளம் சாம்பார் இட்லி. தட்டில் இட்லி மூழ்கும் அளவுக்கு சாம்பாரை ஊற்றுவார்கள். உறிஞ்சித் தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுவார்கள். பல் முளைக்காத குழந்தைக்கும் பல் போன தாத்தாவுக்கும் ஒரே தட்டில் தீர்வு சொல்லும் பலகாரம் இது. சாம்பாரின் காரம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளாது. முதல் இட்லியை சாம்பார் ஊற்றும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் சாம்பாரில் ஆரம்பிப்பது நல்லது.

இங்கே சாயங்காலம் நாலு, நாலரை மணி வசதியான நேரம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், இரவு டிபன் கூட்டம் சேர்ந்திருக்காது. சாப்பிட்டு முடித்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் மெரினா. வயிறு நிறைந்த குழந்தை கடற்கரையில் ஒரு சுண்டல் பொட்டலத்தோடு சமாதானமாகிவிடும். பசியோடு மணலில் இறங்கிய குழந்தைதான் பஜ்ஜி, ஐஸ், சோளம் என்று வரிசையாகக் கேட்கும்.

மரத்தடியில் ஒரு ஹோட்டல் இருந்தது

இன்றைய தாத்தா பாட்டிகளிடம் 'சின்ன வயதில் எந்த ஹோட்டலுக்குப் போனீர்கள்?' என்று கேட்டால், பலர் சொல்லும் பெயர் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து, 1938-ல் சென்னையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கியவர் கே.கிருஷ்ணா ராவ். கதீட்ரல் சாலையில் 1962-ல் இந்த டிரைவ்-இன்னைத் திறந்தவரும் அவர்தான். மரங்களுக்கு அடியில் காரை நிறுத்தினால், சர்வர் வந்து ஜன்னலில் ஒரு தட்டை மாட்டிவிட்டுப் போவார். பின் சீட்டில் குழந்தைகள் எப்படி உட்கார்ந்தாலும், எவ்வளவு சிந்தினாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தது. இன்றைக்கும் குழந்தைகளோடு அங்கே போகலாம். தோசைதான் கிடைக்காது.

பழைய ஹோட்டல்களில் இன்னொரு வசதியும் இருந்தது. அதன் பெயர் 'பேமிலி ரூம்'. ஸ்பிரிங் கதவோ துணித்திரையோ போட்ட சின்னத் தடுப்பறை. பெண்கள் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது சரியில்லை என்று நினைத்த காலத்தின் ஏற்பாடு அது. அந்த நினைப்பு ஒழிந்தது நல்லதுதான். ஆனால், அறையும் போனபோது கைக்குழந்தைக்காரிக்கு இருந்த ஒரே மறைவிடமும் போய்விட்டது. பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளை 2015-ல் தமிழக அரசு திறந்தது. பெரிய ஏ.சி. ஹால் கட்டும் ஹோட்டல்களில் அப்படி ஓர் அறையைப் பார்ப்பது இன்னும் அரிது. பல ஹோட்டல்களில் சுவரோரம் உள்ள கடைசி மேசையைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அண்ணா சாலை: குஸ்கா தெரியுமா?

அசைவம் என்றால் குழந்தைக்கு ஒத்துவராது என்று பலர் வீட்டிலேயே ஊட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். அண்ணா சாலை புஹாரி, 1951 முதல் குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பார்த்த ஹோட்டல். சிக்கன் 65, 1965-ல் இங்கேதான் பிறந்தது என்று ஹோட்டல் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெயருக்கு ஊரில் வேறு கதைகளும் உண்டு. சின்னப் பிள்ளையின் தட்டுக்கு அந்தச் சிவப்புக் காரம் வேண்டாம்.

பிரியாணி ஹோட்டல்களில் குழந்தைக்குக் கைகொடுப்பது குஸ்கா. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு. அதோடு ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் தயிரும் இருந்தால் ஒரு வேளை முடிந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், எலும்புச் சில் எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மீன் வாங்கினால், முள் எடுத்த துண்டைப் பெரியவர் விரலால் ஒருமுறை நசுக்கிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

தி.நகர்: கடைக்கு முன்னால் சாப்பாடு

தி.நகரில் குழந்தை அழுவது பெரும்பாலும் துணிக்கடையின் மூன்றாவது மாடியில். காரணம் பசி. புடவை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்ற கணக்கு, குழந்தை இருக்கும் வீட்டில் எப்போதும் தப்பும். ஜி.என்.செட்டி சாலையில் இருக்கும் முருகன் இட்லிக் கடை, மதுரையிலிருந்து வந்தது. வாழையிலையில் மெத்தென்ற இட்லி, சுற்றி வகைவகையாகச் சட்னி. காரச் சட்னியும் பொடியும் பெரியவர்களுக்கு. தேங்காய்ச் சட்னியும் நெய்யும் சின்னவர்களுக்கு.

சாப்பிட்ட பிறகு ரங்கநாதன் தெருவுக்குத் தள்ளுவண்டியோடு போவது வீண் முயற்சி. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதைகளை அகலப்படுத்தினார்கள். அங்கே தள்ளுவண்டியும் ஓடும், பிள்ளையும் ஓடும்.

இலை இழுபடும், ஜாக்கிரதை!

உள்ளே நுழையும்போதே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். சர்வர்கள் சாம்பார் வாளியோடு விரைந்து வரும் வழியில் உள்ள மேசை வேண்டாம். ஹை சேர் கேட்டு வாங்கினால் பெல்ட் இருக்கிறதா, கால் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை முதலில் இழுப்பது வாழையிலையைத்தான். இலையோடு சேர்ந்து சூடான சாம்பாரும் மடியில் விழும். காபி டம்ளரும் ரசக் கிண்ணமும் மேசையின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம்.

பொங்கலில் முழு மிளகும் முந்திரியும் ஒளிந்திருக்கும். போண்டா வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே கொதிக்கும். பிட்டு வைத்து ஆறவிட வேண்டும். முழுக் கடலை, முழு முந்திரி, முழு திராட்சை எல்லாம் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. கடலை, முந்திரி, பால் போன்றவை ஒவ்வாத பிள்ளை என்றால், ஆர்டர் சொல்லும் முன்பே கேட்டுவிட வேண்டும். சட்னியில் கடலை சேர்ப்பது நம் ஊரில் சகஜம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை மெனுவில் குறிப்பிட வேண்டும் என்பது விதி.

சூடாகச் சாப்பிட ஒரு கணக்கு

பெரிய மெனு கார்டைப் புரட்டும் முன், குழந்தைக்கு மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணா, பாப்பாவுக்கு ஒரு மினி இட்லி, சாம்பார் தனியா. ஒரு சின்னத் தட்டு, கொஞ்சம் வெந்நீர். எங்களுக்கு அப்புறம் சொல்றோம்."

பழகிய சர்வருக்கு இந்த ஒரு வரி போதும். "காரம் வேணாம்தானே அம்மா?" என்று அவரே கேட்பார். குழந்தையின் தட்டு வந்து, பாதி உள்ளே போன பிறகு பெரியவர்களின் ஆர்டர். அதிலும் எல்லாத் தோசையும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. முதல் தோசை அம்மாவுக்கு. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தை அப்பாவின் கையில். அப்புறம் அப்பாவின் தோசை வரட்டும், குழந்தை கை மாறட்டும். தாத்தா பாட்டி கூட இருந்தால் முறை இன்னும் சுலபம்.

இந்த முறையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வந்து உட்காருவது செல்போன். வீடியோவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்கு என்ன சாப்பிட்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்று தெரிவதில்லை. ஹோட்டலைவிடப் பெரிய வேடிக்கை எந்தப் போனிலும் கிடையாது. காபியை உயரத் தூக்கி ஆற்றுபவர், கூம்பு மாதிரி நிற்கும் நெய் ரோஸ்ட், நாலைந்து தட்டுகளைக் கையிலேயே அடுக்கிவரும் சர்வர் என்று பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

குழந்தை சிந்தும். சிந்தினால் திட்ட வேண்டாம். அப்படியே விட்டுவிட்டும் எழ வேண்டாம். அதைத் துடைக்கப்போகிறவரும் ஒரு வீட்டின் அம்மாவோ பிள்ளையோதான். பெரிய பருக்கைகளை இலையிலோ தட்டிலோ அள்ளிப் போட்டுவிட்டு, க்ளீனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுவதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். டிப்ஸ் வைக்கும்போது, மேசை துடைப்பவருக்கும் சேர்த்து வைக்கலாம்.

நாலைந்து முறை இப்படிப் போய்வந்த பிறகு, நாலு வயதுக்காரர்களிடமே ஆர்டர் சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். நாற்காலியில் முட்டி போட்டு நின்று, சர்வரை நிமிர்ந்து பார்த்து அவர்கள் சொல்வதைக் கேட்பது தனி சுகம்.

"அண்ணா, எனக்கு மினி இட்லி. எங்கம்மாவுக்கு ஒரு தோசை... சூடா!"