அம்மா முத்தம் கொடுக்காத ஒன்பது நாள்

என் மகள் பிறந்து அன்று பதினோராம் நாள். போடியில் மாமியார் வீட்டில் இருந்தோம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறி அம்மா வந்து சேர்ந்தார். பையில் பேத்திக்குப் பழைய வேட்டித் துணி, மருமகளுக்குப் பூண்டு.

கை கால் கழுவிவிட்டு, "கொடு தாயி, எம் பேத்திய" என்று கை நீட்டினார். அப்போதுதான் கவனித்தேன். கீழுதட்டோரம் கொத்தாக நாலைந்து கொப்புளங்கள்.

"என்னம்மா இது?"

"வெக்கைக்கு வந்ததுப்பா. கவாத்து முடிஞ்சு மூணு நாளா கொடி கட்டுனேன்ல. எப்பவும் வர்றதுதான."

உண்மைதான். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். பாட்டி அதைப் பல்லி எச்சம் என்பார். அப்பா சூட்டுக் கொப்புளம் என்பார். ஆனால், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது குழந்தை டாக்டர் எச்சரித்திருந்தார். உதட்டில் கொப்புளம் இருப்பவர்கள் குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்குச் சாதாரணமான அந்தக் கிருமி, பிறந்த குழந்தையின் மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மாவைத் தடுத்தேன். "எனக்கு என்னப்பா நோயா?" என்றவரின் கண் கலங்கிவிட்டது.

மாலையில் அம்மாவை அந்த டாக்டரிடமே அழைத்துப்போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். இது ஹெர்ப்பிஸ் வைரஸ். பலருக்கும் சின்ன வயதிலேயே தொற்றி, காதருகே உள்ள நரம்பு முடிச்சில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிவிடும் காரணங்களில் ஒன்று, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்.

நம் தோலில் காவல்கார செல்கள் உண்டு. 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கண்டுபிடித்ததால், அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிருமி நுழைந்தால் உடம்புக்குத் தகவல் சொல்வது இவைதான். புற ஊதாக் கதிர் அதிகமாகப் பட்டால் இந்தக் காவல் சில நாட்களுக்குத் தளர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து வைரஸ் உதட்டுக்கு வந்துவிடுகிறது. கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. முழுப் பாதுகாப்பு கிடையாது. சொரியாசிஸ் நோயில் எதிர்ப்பு சக்தி அளவு மீறுவதால், இதே கதிரை அளந்து கொடுத்து அதை அடக்குகிறார்களாம். அளவில்லாமல் பட்டால்தான் வினை.

எனக்கு எங்கள் திராட்சைப் பந்தல் ஞாபகம் வந்தது. இலை இருக்கும்வரை அது நிழல். கவாத்து பண்ணிவிட்டால் வெறும் கம்பியும் கொடியும்தான். அண்ணாந்து பார்த்தே கொடி கட்ட வேண்டும். வெயில் நேராக முகத்தில் விழும். கம்பம் பள்ளத்தாக்கின் காற்று வேறு வெக்கை தெரியாமல் செய்துவிடும். புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது. ஜிலுஜிலுவென்று காற்றடித்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

"மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பேத்தியை மடியில வச்சுக்கங்க. பொருக்கு உதிர்ந்து புண் முழுசா ஆறுற வரைக்கும் முத்தம் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். அம்மா முகம் தெளிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று உதட்டை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பேத்தியின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தார்.

இப்போது அம்மா விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுகிறார். தலையில் அகலத் தொப்பி, வாயை மூடித் துண்டு, உதட்டில் வெயில் தடுக்கும் களிம்பு. ஊரில் யார் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாலும், கூட வருகிறவர்களின் உதட்டைத்தான் முதலில் பார்க்கிறார்.