உணவு இறங்கும் வழி

நாவின் சுவையைப் பற்றிப் பேசுவோர் பலர். வயிற்றின் பசியைப் பற்றிப் பாடினோரும் பலர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஓயாது தொண்டு செய்யும் உணவுக்குழாயைப் பற்றி ஒரு சொல் சொல்வார் அரியர். அது தளர்வுற்ற போதுதான் நம் நினைவிற்கு வருகின்றது. அத்தளர்ச்சியின் காரணங்களுள் மிகக் கொடியதாகிய புற்றுநோயைக் குறித்து யாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைப்போம்.

புதுச்சேரிக்கு வடக்கே, 1968-ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில் நகரின் செம்மண் மேட்டைக் கடந்து கடற்கரைச் சாலையிற் செல்வோர், மரக்காணத்தை நெருங்குங்கால் உப்பளப் பாத்திகளையும் வெண்மையான உப்புக் குவியல்களையும் காண்பர். அப்பாத்திகளில் நாற்பது ஆண்டு உழைத்தவர் எமக்குப் பெரியப்பா முறையினர். வைகறையில் நீராகாரம் அருந்தி வேலைக்குச் செல்வார். பசியும் களைப்பும் தோன்றாதிருக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வார். மாலையிற் சாராயமும் உண்டு.

ஒரு தைத் திங்களில், சோறு நெஞ்சில் நின்று இறங்குவதாக அவர் உணர்ந்தார். ஒருவரிடமும் கூறினாரில்லை. சோற்றைக் குழைத்து உண்டார். பின்னர்க் கஞ்சியாக்கிக் குடித்தார். அதன்பின் கஞ்சியின் தெளிவை மட்டும் கேட்டார். உப்பளத்தார் வீட்டிற் கஞ்சி குடிப்பது புதுமையன்று. ஆதலின் எவரும் ஐயுற்றிலர். உடல் மெலிந்தமைக்கு வெயிலைக் காரணம் கூறினர். ஆவணியில் தண்ணீரும் இறங்காது போகவே, புதுச்சேரியிலுள்ள மருத்துவமனை ஒன்றிற்கு அவரைக் கொண்டு சென்றனர்.

இந்நோயின் இயல்பே இஃது என்பதைப் பின்னர் அறிந்தோம். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். மூச்சுக்குழாயின் பின்னே இறங்கி, மார்பினூடே சென்று, இரைப்பையோடு கூடுகின்றது. அஃது எளிதில் விரிந்து கொடுக்குமாதலின், உள்ளே கட்டி வளர்ந்து வழி பெரிதும் குறுகிய பின்னரே தடை புலனாகும். முதலில் இறைச்சி, உலர்ந்த சோறு முதலிய கெட்டிப்பொருள்கள் நிற்கும், அடுத்துக் குழைந்தவை, இறுதியில் நீரும் உமிழ்நீருமே நிற்கும். உடல் மெலிதலும், சிலர்க்குக் குரல் கம்முதலும் உடன் வரும். விழுங்குதல் அரிதாவதெல்லாம் புற்றுநோயே என்பதில்லை. வேறு காரணங்களும் உள. ஆயினும் எது காரணம் என்பதைச் சோதனையின்றித் துணிதல் இயலாது.

அச்சோதனையும் அஞ்சத்தக்கதன்று. ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1868-ஆம் ஆண்டில், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உதவியைக் கொண்டே நேரான உலோகக் குழாயை உட்செலுத்திப் பார்த்தார். இக்காலத்து உள்நோக்குக் கருவியோ வளைந்து செல்லும் மெல்லிய குழாய். அதன்வழிச் சிறு தசைத்துணுக்கை எடுத்து ஆராய்ந்து நோயை உறுதி செய்வர்.

நம் நாட்டிற் பெரும்பாலும் காணப்படுவது குழாயின் உட்புறத் தோற்படலத்தில் எழும் வகை. புகையிலையும் மதுவும் அதற்குப் பெருங்காரணங்கள். இரண்டும் கூடின் தீங்கு பன்மடங்காகும். பாக்கு மெல்லுதலும் கேடே. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிற் பானங்களைக் குடிப்பதும் காரணமாகக் கூடும் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் வகைப்படுத்தியது. நெடுநாள் நெஞ்செரிச்சலோடு தொடர்புடைய மற்றொரு வகை குழாயின் கீழ்ப்பகுதியில் எழும். மேனாடுகளில் அது மிகுதி. இப்பழக்கங்கள் யாதுமில்லார்க்கும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே நோயுற்றோரைப் பழித்தல் அறமன்று.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனினும் வழியில்லாமல் இல்லை. நோய் உட்படலத்தளவில் நிற்கும்போதே கண்டால், உள்நோக்குக் கருவி கொண்டே களையலாம். சற்று ஆழ்ந்ததாயின் மருந்தாலும் கதிர்வீச்சாலும் சுருக்கி, அறுவை செய்து, இரைப்பையை மேலே இழுத்து இணைப்பர். நியூயார்க்கில் டோரெக் என்னும் அறுவை மருத்துவர் 1913-இல் மார்பினுள் இருந்த நோயுற்ற பகுதியை அகற்றிய மூதாட்டி, ரப்பர்க் குழாய் வழியே உண்டு 13 ஆண்டு வாழ்ந்தார். நம் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை முயற்சியாக மாற்ற, அடையாற்றில் 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் எழுந்தது. ஆரோவில்லுக்கு அணித்தே, கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உளது.

எம் பெரியப்பாவிற்கோ நோய் பரவிவிட்டது. உலோக வலைக்குழல் ஒன்றை உள்ளே பொருத்தினர். சில திங்கள் குழைந்த சோறு இறங்கியது. அதனையே பெரும்பேறாக எண்ணி மகிழ்ந்தார். அடுத்த உப்புப் பருவம் தொடங்குமுன் மறைந்தார். "ஆறு மாசமாக் கஞ்சி வடிச்சுக் கொடுத்தவ நான்தானே, தம்பி, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்று பெரியம்மா அரற்றியது எம் செவியில் இன்றும் ஒலிக்கின்றது. குற்றம் அவர்தம்மதன்று. கேட்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்வார் இலராயினர்.

மாணாக்க அன்பர்காள்! இந்நோயை முதலிற் காண்பவர் மருத்துவரல்லர்; உணவு பரிமாறுபவரே. விடுமுறையில் நீவிர் வீடு செல்லுங்கால், உண்பவரின் தட்டையும் சற்று நோக்குமின். சோறுண்டவர் கஞ்சிக்கு மாறினாரா, கவளந்தோறும் நீர் பருகுகின்றாரா, உண்ணும் நேரம் நீண்டதா என வினவுமின். சில நாளில் அது நீங்காதாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமின். நீவிர் பெற்ற கல்வி, தாய்மார் அடுப்பங்கரை வரை சென்று சேர்வதாக.