திருவெள்ளறைக் கேணி

சென்ற கோடை விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் மோட்டாரில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டேன். ஹம்பி, பட்டடக்கல், பாதாமி என்று பத்து நாள் பிரயாணம். பாதாமிதான் பழைய வாதாபி. 642-ஆம் ஆண்டில் நரசிம்மவர்ம பல்லவன் வென்ற நகரம். அந்தச் செந்நிறக் குன்றின் அடியில் நின்றபோது, இருபது வருஷமாகக் கரும்பலகையில் நான் எழுதி வந்த சரித்திரம் உயிர்பெற்று எதிரே வந்ததுபோல் இருந்தது. ஊர் திரும்பியதும் கண்டவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்து ஜனங்கள் பொறுமைசாலிகள்.

78 பிராயமான என் தாயாரும் கேட்டாள். கேட்டுவிட்டு, "பல்லவனைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரமா போனாய்? திருவெள்ளறையில் அவன் காலத்துக் கேணி இருக்கிறதே! ஒரு தடவை அழைத்துப் போ என்று எத்தனை வருஷமாய்க் கேட்கிறேன்" என்றாள்.

திருவெள்ளறை அவளுடைய பாட்டியின் ஊர். திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

அடுத்த ஞாயிறன்று கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர்ச் சாலையில் சென்றோம். கட்டி முடிக்கப்பெறாத பெரிய கோபுரம் முதலில் கண்ணில் பட்டது. உள்ளே புண்டரீகாக்ஷப் பெருமாள் சந்நிதிக்கு ஏறும் 18 படிகளை அம்மா என் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினாள். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்பு வந்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கேணி கோயில் மதிலுக்கு வெளியே இருக்கிறது. கல்வெட்டில் அதற்குப் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. தந்திவர்ம பல்லவனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்தார்கள், ஏறக்குறைய கி.பி. 800. தோண்டுவித்தவன் அரசன் அல்லன். ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன். நான்கு திசையிலும் படிக்கட்டுகள். ஒவ்வொன்றும் இடையில் செங்கோணமாகத் திரும்பி நீரை அடைகிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம். (ஜெர்மனியில் ஒரு கட்சி 1920-இல் அச்சின்னத்தைக் களங்கப்படுத்துவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகள் முந்திய கேணி இது.) ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் இருப்பவர் காண முடியாது.

"மாமியார் ஒரு துறை, மருமகள் ஒரு துறை, சண்டைக்கே இடமில்லை என்பாள் பாட்டி" என்று அம்மா சிரித்தாள்.

அங்குள்ள கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டும் உண்டு. அதன் கருத்தை அவளுக்குச் சொன்னேன்: நிலையாத உலகின்மேல் ஆசை வைத்து நிற்காதே, மூப்பு வந்து தளரச் செய்யுமுன், இருப்பதை உண்டு, மிகுந்ததை உலகம் அறிய அறத்துக்கு வை.

"மூப்பு வருமுன்னா?" என்றாள் அம்மா, முழங்காலைத் தடவியபடி. "கம்பன் அரையன் உனக்காகத்தான் எழுதி வைத்தான் போலிருக்கிறது."

இறங்க வேண்டும் என்ற ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. முதற் படியில் ஒரு காலை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். தண்ணீர் இருக்கிறதா பார்" என்று கரையிலே உட்கார்ந்தாள்.

நான் இறங்கினேன். படி திரும்பும் மூலையைக் கடந்ததும் அவள் மறைந்துபோனாள். மேலே கல்லும் வானமுந்தான் தெரிந்தன. "அம்மா!" என்று கூப்பிட்டேன்.

"இங்கேதானடா இருக்கிறேன்; மெதுவாய்ப் பார்" என்று குரல் மட்டும் வந்தது.