வலையும் வேலையும்

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பட்டிமன்றங்களில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு அது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வந்து அமர்ந்தது. கொரோனா ஊரடங்கில் அண்ணன் வேலைபார்த்த பனியன் கம்பெனி கதவடைத்தது. அப்பாவின் கூலியும் நின்றது. எஞ்சியது ஒரு கைப்பேசி.

வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நாள்முழுதும் காத்துநின்ற காலம் மலையேறிவிட்டது. பதிவு, மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பித்தல் எல்லாம் இன்று இணையத்திலேயே முடிகின்றன. தனியார் துறை வேலைகளுக்கெனத் தமிழக அரசு 2020-இல் ஓர் இணையதளம் தொடங்கியது. மத்திய அரசின் தளமோ 2015 முதல் இயங்குகிறது. இரண்டிலும் காசு கட்டணமில்லை. அண்ணன் இரண்டிலும் பதிந்தான்.

வலையில் மீனும் வரும், பாம்பும் வரும். "ஈராயிரம் ரூபாய் அனுப்பினால் மறுநாளே பணி ஆணை" என்று ஒரு செய்தி வந்தது. "கூலி கொடுக்கிறவன் நம்மகிட்ட ஏன்டா காசு கேக்குறான்?" என்றார், பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத என் அம்மா. தப்பினோம்! ஏழு மாதம் கழித்து, அரசுத் தளத்தின் வழியே அண்ணனுக்கு வேறு வேலை கிடைத்தது.

நண்பர்களே! விண்ணப்பம் நிரப்பச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லாத முதல் தலைமுறை நாம். எங்கள் தெருவில் ஐவருக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு வேலை கிடைத்தது, நால்வர் காத்திருக்கின்றனர். கஷ்ட காலத்தில் இணையம் வேலையை உண்டாக்கித் தராது. இருக்கும் வேலை எங்கே என்று சொல்லும். அதைக் கேட்கத் தெரியாதவர்க்கு நாம் கைகொடுப்போம்!