தகரப்பெட்டியில் இருந்த தாள்

கரடியூரில் எங்கள் வீட்டுக்கு வரும் காகிதத்துக்கு இரண்டே இடம்தான். ஒன்று அடுப்பு, இன்னொன்று அம்மாவின் தகரப்பெட்டி. மளிகைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா அந்தப் பேப்பரை உதறி, நீவி, அடுப்போரம் செருகிவிடுவாள். மழைக்காலத்தில் ஈர விறகு பற்ற அதுதான் வேண்டும். என் கணக்கு நோட்டுகளும் அப்படித்தான் போயின. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் இருந்தவை ரேஷன் கார்டு, நில வரி ரசீது, அப்பாவின் டி.சி.

2006-ல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எனக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. எங்கள் இனத்தின் பெயர் மலையாளி. கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, சேர்வராயன் மலைக்காரர்கள் நாங்கள். ஒரு அலுவலகத்தில் "அப்ப ஓணம் கொண்டாடுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வார்? பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு அப்பாவின் தாள் வேண்டும் என்றார்கள்.

டி.சி.யை விரித்தால் இனம் எழுதியிருந்த இடத்தில் ஓட்டை. இராமபாணப் பூச்சி.

எழுதும் தாளில் மாவுப்பசை சேர்ப்பதுண்டு. அந்தப் பூச்சிக்கு அதுதான் சோறு. அப்பா படித்த காலத்தில் இந்திய ஆலைகள் பெரும்பாலும் மூங்கிலைத்தான் கூழாக்கின. 1960-ல் தொடங்கிய சேஷசாயி காகித ஆலை இருக்கும் பள்ளிபாளையம், அன்று எங்கள் சேலம் மாவட்டம்தான். நான் எழுதிய நோட்டுகளில் கரும்புச் சக்கை இருந்திருக்கலாம். கரூர் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். 1984 முதல் சக்கையில் தாள் செய்கிறது. மூங்கிலோ சக்கையோ, கடைசியில் செல்லுலோஸ் நார்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்?

பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேடு கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது பெரியப்பாவின் சான்றிதழ் மட்டும். காப்பித் தோட்டத்து வரப்புக்காக அவரும் அப்பாவும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

அப்பா போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். பெரியப்பா எதுவும் கேட்காமல் உள்ளே போனார். விறகடுப்புக்கு மேலே, விதைச் சோளம் தொங்கும் பரணிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து வந்தார். தாள் புகையேறிப் பழுப்பாகியிருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

"ஜெராக்ஸ் எடுத்துட்டு நாளைக்கே குடுத்துரணும்."

"சரிங்கண்ணா" என்றார் அப்பா.

கவுன்சிலிங்குக்கு இரண்டு நாள் முன்னால் சான்றிதழ் வந்தது. வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது கம்பெனிகளின் ஆவணங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் மென்பொருள் எழுதுகிறேன். வீட்டுத் தாள்களையும் ஸ்கேன் செய்துவிட்டேன். ஆனால் அம்மா அன்றைக்கே என் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். அது அங்கேயேதான் இருக்கிறது. போன வருஷம் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். "கேஸ்ல புகை வராதே கண்ணு" என்றாள். சோற்றை கேஸில் வைக்கிறாள், வெந்நீர் மட்டும் இன்னும் விறகில்.