சரியான பாஸ்வேர்டையே மறுபடி மறுபடி கேட்டால்

மெயில் புரோகிராம் பாஸ்வேர்ட் கேட்கிறது. போடுகிறோம். உடனே மறுபடி கேட்கிறது. பெரும்பாலோர் இந்த இடத்தில் இன்னும் நிதானமாக, எழுத்தெழுத்தாகப் பார்த்து அதையே திரும்பப் போடுகிறார்கள். முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். அந்தப் பெட்டி வந்துவிட்டதாலேயே பாஸ்வேர்ட் தப்பு என்று ஆகிவிடாது. சர்வர் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். விடாததற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் புரோகிராம் காட்டுவது பெரும்பாலும் இதே பெட்டியை.

*

முதல் சோதனை பிரவுசரில். இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, அதே முகவரியையும் அதே பாஸ்வேர்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண ஜன்னலில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கலாம். அதனால் எதுவும் தெரியவராது. உள்ளே போய்விட்டால் பாஸ்வேர்ட் சரி, சிக்கல் புரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கிறது. போகவில்லை என்றால் புரோகிராமைத் தொடவே வேண்டாம், கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.

*

பெட்டியில் எந்த சர்வரின் பெயர் இருக்கிறது என்று படிக்க வேண்டும். வரும் மெயிலுக்கு ஐமேப் அல்லது பாப், போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி. இரண்டுக்கும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகச் சேமித்துவைக்கிற புரோகிராம்கள் உண்டு. தண்டர்பேர்ட் அப்படித்தான். மெயில் நன்றாக வருகிறது, அனுப்பும்போது மட்டும் கேட்கிறது என்றால், சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலில் எஸ்எம்டிபி வரி பழையதாகவே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரியை நீக்கிவிட்டு, புரோகிராமை மூடித் திறந்து, புதிதாகப் போட வேண்டும். அவுட்லுக்கில் இதே வேலையை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் செய்ய வேண்டும்.

அப்படியே போர்ட் எண்களையும் பார்த்துவிடலாம். ஐமேப்புக்கு 993, எஸ்எம்டிபிக்கு 465 அல்லது 587. யூசர்நேம் என்ற இடத்தில் பல சர்வர்களுக்கு முழு முகவரி வேண்டும். அட் குறிக்கு முன்னால் உள்ள பாதி போதாது.

*

சர்வர் தன் மறுப்போடு ஒரு வரி சேர்த்து அனுப்புகிறது. அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் ஐமேப்பை உருவாக்கினார். ஆனால் மறுப்புக்கான காரணத்தைச் சொல்லப் பொதுவான குறியீடுகள் 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5530 என்ற ஆவணத்தில்தான் வகுக்கப்பட்டன. 'எக்ஸ்பயர்ட்' என்று வந்தால் பாஸ்வேர்டின் காலம் முடிந்துவிட்டது. 'அன்அவெய்லபிள்' என்றால் சர்வருக்கே சரிபார்க்க வழியில்லை. சற்றுப் பொறுத்தால் போதும், எதையும் மாற்றக் கூடாது. 'ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்பதுதான் கடினம். அந்த முகவரியே இல்லையா, பாஸ்வேர்ட் தப்பா என்பதை சர்வர் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறது. சொன்னால் திருடனுக்கும் துப்புக் கிடைத்துவிடும்.

*

"நான் ஒண்ணுமே மாத்தலையே சார், நேத்துவரைக்கும் வந்துச்சே." இப்படிச் சொல்பவரை நம்ப வேண்டும். மாற்றியது மறுமுனையாக இருக்கலாம். பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வரும் புரோகிராம்களை, தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே 30-ஆம் தேதியோடு கூகுள் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனக் கணக்குகளில் 2022 அக்டோபரிலும், அவுட்லுக் டாட் காம் போன்ற தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-இலும் இதையே செய்தது. பழைய புரோகிராமுக்கு இது தெரியாது. சர்வர் மறுத்ததும், தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியை அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

தீர்வு ஓஆத் 2 என்ற லாகின் முறை. தண்டர்பேர்டில் கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால், கூகுளின் லாகின் பக்கமே ஒரு சிறு ஜன்னலில் திறக்கும். அதன்பிறகு புரோகிராமின் கையில் பாஸ்வேர்ட் இருக்காது, அனுமதிச் சீட்டாக ஒரு டோக்கன் மட்டும் இருக்கும். ஜன்னல் திறந்தும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் தண்டர்பேர்டில் குக்கீகள் தடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவற்றை அனுமதித்தால்தான் இது நடக்கும்.

ஓஆத் தெரியாத பழைய புரோகிராம் என்றால், ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்கிப் போடலாம். பிற்பாடு கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். மாற்றிய மறுநாளே பெட்டி திரும்ப வருவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

*

எப்போதாவது மட்டும் கேட்கிறதா? இணைப்புகளின் எண்ணிக்கையையும் சந்தேகப்படலாம். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் அனுமதிக்கிறது. தண்டர்பேர்ட் தன் இயல்பான அமைப்பில் ஒரு கணக்குக்கு 5 வரை எடுத்துக்கொள்ளும். ஒரே முகவரியை மூன்று கணினிகளிலும் இரண்டு போன்களிலும் வைத்திருக்கும் கடையில் கணக்கு இடிக்கும். ஒவ்வொரு கணினியிலும் அதை 2 ஆகக் குறைத்தால் போதும்.

*

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்தது. சொந்த டொமைன், சிறிய ஹோஸ்டிங் சர்வர். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடி நேரத்தில் எல்லாக் கணினிகளும் ஒன்றாகப் பாஸ்வேர்ட் கேட்கத் தொடங்கின. பொது முகவரியின் பாஸ்வேர்டை முந்தின நாள்தான் மாற்றியிருக்கிறார்கள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேண்ணே, எல்லா சிஸ்டத்துலயும் நானே மாத்தினேன்" என்றார் அங்கே வேலை பார்க்கும் தங்கை. அது உண்மைதான். ஆனால் அலமாரி ஓரத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கும் அலுவலக போன் ஒன்று இருந்தது. ஜெராக்ஸ் எடுக்கும் மெஷினும் ஸ்கேன் செய்ததை அந்த முகவரியிலிருந்தே மெயிலில் அனுப்பும். இரண்டிலும் பழைய பாஸ்வேர்ட். போன் விடாமல் அதைக் கொண்டுபோய்த் தட்ட, யாரோ உடைக்கப் பார்க்கிறார்கள் என்று சர்வர் அந்த ஐபி முகவரியையே தடுத்துவிட்டது. ஒரே ரவுட்டர் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஐபி. சரியான பாஸ்வேர்ட் போட்டவர்களும் வெளியே நின்றார்கள்.

கண்டுபிடித்த விதம் எளிது. ஒருவருடைய போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே கணக்கைத் திறந்தோம். மெயில் வந்து கொட்டியது. பாஸ்வேர்டும் சரி, சர்வரும் சரி, தடை இந்த இடத்துக்கு மட்டும் என்பது அந்த நொடியில் உறுதியானது. போனிலும் மெஷினிலும் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு, ஹோஸ்டிங்காரர்களிடம் சொல்லித் தடையை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

*

கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. கைவைப்பதற்கு முன் அது ஐமேப்பா, பாப்பா என்று பார்த்தே ஆக வேண்டும். ஐமேப்பில் மெயில்கள் சர்வரில் இருக்கும். பாப்பில் சர்வரில் நகல் விடாமல் இறக்கியிருந்தால், பல வருடக் கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரையோ அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலையோ முதலில் ஒரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகே நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

*

இதை ஒரு சின்னத் தொல்லை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணமில்லாமல் பாஸ்வேர்ட் கேட்கப்படும் மனிதர், கேட்ட இடத்தில் எல்லாம் கொடுக்கப் பழகிவிடுகிறார். அந்தச் சமயத்தில் 'உங்கள் கணக்கு முடக்கப்படும், இங்கே பாஸ்வேர்டைப் போடவும்' என்று ஒரு போலி மெயில் வந்தால், சலிப்பிலேயே போட்டுவிடுவார். தட்டச்சுச் சிரமத்துக்காகப் பாஸ்வேர்டையே எளிதாக்கிக்கொள்பவர்களும், மானிட்டரில் எழுதி ஒட்டுபவர்களும் இந்தச் சலிப்பில்தான் அதைச் செய்கிறார்கள். ஆகவே உதவிக்குப் போகிறவர்கள் 'திரும்பப் போட்டுப் பாருங்கள்' என்பதோடு விடக் கூடாது. பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கவும் கூடாது. உரியவரே தட்டச்சு செய்யட்டும்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு தாள் இருக்க வேண்டும். எந்தெந்தக் கணினி, போன், மெஷினில் எந்த முகவரி இருக்கிறது, ஐமேப்பா பாப்பா, சர்வர் பெயர் என்ன, போர்ட் என்ன. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதக் கூடாது. அடுத்த முறை பாஸ்வேர்டை மாற்றும்போது அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சரிபார்த்தால், இந்தப் பெட்டி வரும் சந்தர்ப்பங்களில் பாதி வராமலே போகும்.